ரோஜா இலையில் வட்டம்

சந்திரம்மாள் வீசிய கத்தரிக்கோல் மருமகள் ரேணுகாவின் காலடியில் வந்து விழுந்தது.

"இதாலதானடி வெட்டுன? எம்புள்ளைய மயக்க யார்கிட்டடி மந்திரிக்கக் குடுத்த?"

தோட்டத்து ரோஜாச் செடிகளில் இலைக்கு இலை வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. பூச்சி அரித்தது போல் இல்லை. கத்தரித்தாற்போல் சுத்தமான வெட்டு.

"நான் தொடவே இல்ல அத்த. என்னாங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

தருமன் குனிந்து, செடிகளுக்குப் பூச்சி விரட்டும் புகையிலைத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான், நிமிராமல்.

"பௌர்ணமி கழியட்டும். கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஏத்தி உங்கப்பன் வூட்டுக்கே அனுப்பிடறேன். செய்வினக்காரியோட எம்புள்ள குடும்பம் நடத்த வேணாம்!"

மதிலுக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நசீம் பானு கேட்டுக்கொண்டு நின்றாள். விலங்கியல் பட்டதாரி. நாலு பேர் முன்னால் பேச வராது. கோபம் மட்டும் வந்தது.

அண்ணனின் கேமராவை எடுத்துக்கொண்டு வெயிலில் மதிலோரம் காத்துக் கிடந்தாள்.

"அண்ணன் நிக்காவுக்கு வெச்சிருந்த பிலிம் ரோல்டி அது! ஈக்கும் எறும்புக்குமா படம் புடிப்பாங்க?" என்று அம்மா கத்தினாள். பானு மதிலை விட்டு நகரவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து படத்தோடு ஓடிவந்தாள். ரேணுகா டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பெரியம்மா, இத பாருங்க! தேனீல இது ஒரு ஜாதி. கூடு கட்ட இலைய வட்டமா நறுக்கித் தூக்கிட்டுப் போவும். வெட்டுனது இதுதான். ரேணுகா அக்கா மேல அபாண்டமா பழி போடாதீங்க!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

சந்திரம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதி வெட்டிய வட்டம். அதன் விளிம்பைக் கவ்வியபடி ஒரு தேனீ. அவள் முகம் சுருங்கிப்போனது.

"அடக் கடவுளே, ஈயா இந்த வேல பண்ணுச்சு? என் வாயில மண்ணு விழ! உள்ள வாடி ரேணுகா." பெட்டியை அவளே தூக்கினாள்.

தருமன் அம்மாவின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, மறுபடி வாசலில் வைத்தான்.

"ஈதான்னு எனக்கு அப்பவே தெரியும். பஸ்ஸுக்கு நேரமாவுது, அவ கெளம்பட்டும்."