அறுபத்து நாலு

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த யா டூஃபியின் முகத்தை அஃபுவா பிராகோ கிழித்துக்கொண்டிருந்தாள். நெற்றி வந்துவிட்டது, கன்னம் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

பக்கத்தில் வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்த பெண் விசிறியை நிறுத்தினாள். "ஆன்ட்டி, செத்துப்போனவங்க மேல அப்படி என்ன கோபம்?"

"கோபம் ஒண்ணுமில்ல. காத்துல கிழிஞ்சு தொங்குது. பாக்க நல்லாவா இருக்கு?"

"நல்லா ஒட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

அஃபுவா மிச்சத்தையும் உரித்தாள். குமாசியில் சாவு அறிவிப்பு என்றால் மேலே படம், கீழே பெயர், அதற்கும் கீழே வயது. படம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதைப் போட்டால் கிழவி மாதிரி இருக்குமாம்.

அஃபுவாவுக்கு வயது அறுபத்து நாலு. பதினைந்து வருஷமாக அறுபத்து நாலுதான். அதற்காகச் சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தலைக்குச் சாயம் அடித்து, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, காலை நடைக்குழுவில் எல்லோருக்கும் முன்னால் போகிறவள் அவள்தான். கூட வருகிற அமோவாவுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். இத்தனைக்கும் அவருக்கு நிஜமாகவே அறுபத்தெட்டு.

அந்த அமோவாதான் அடுத்த வாரம் மதுப்புட்டிகளோடு முறைப்படி அவளைப் பெண் கேட்டு வரப்போகிறார்.

"என்னைவிடச் சின்னவளா இருக்கணும் அஃபுவா, அது ஒண்ணுதான் எனக்கு" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "ஒருத்தியைப் புதைச்சாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அஃபுவா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விட இப்போது அவளுக்கு மனமில்லை.

வம்பு அவள் வாயாலேயே வந்தது. பேச்சுவாக்கில் ஒருநாள், "டூஃபியும் நானும் ஒரே வருஷம் ஒரே மாசத்துல பிறந்தவங்க, படிச்சதும் ஒரே பெஞ்சு" என்று அமோவாவிடம் பெருமையடித்திருந்தாள். டூஃபி மாம்பொங்குக்குக் குடிபோகும்வரை ஒரே டப்பா தலைச்சாயத்தைக்கூடப் பாதிப் பாதியாகப் பூசிக்கொண்டவர்கள்தான் இரண்டு பேரும். இப்போது அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், வயதைச் சுவர் சுவராக ஒட்டுகிறார்கள்.

டூஃபியின் மகள் இரண்டு தடவை போன் செய்தாள். அஃபுவா எடுக்கவில்லை. அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்பாள், எந்த வருஷம் பள்ளியில் சேர்ந்தீர்கள் என்று கணக்கு வரும்.

அமோவாவின் போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"சனிக்கிழமை சாவுக்கு நானும் மாம்பொங் வரேன்."

"வேண்டாம். உங்களுக்கு முட்டி வலி."

"உன் உயிர்த்தோழி ஆச்சே. நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் தனியா அழணும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

தையற்கடையில் செர்வா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கேட்டாள். "என்ன துணி ஆன்ட்டி? சிவப்பும் கறுப்புமா, வெள்ளையா? என்ன வயசுல போனாங்க?"

அஃபுவா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவர்களிடம் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். நிறைய வாழ்ந்து முடித்தவளை வழியனுப்ப, ஏதோ அல்பாயுசில் போனவளுக்குப்போலச் சிவப்பு உடுத்திப் போக அவளால் ஆகாது. டூஃபிக்காவது உண்மையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"வெள்ளையே தை."

"அப்ப எண்பது வயசுக்காரங்களா? குடுத்து வெச்சவங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டு, அளவு எடுத்து முடிப்பதற்குள் கிளம்பப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை வேன் நிலையத்துக்குப் போகிற வழியில் இன்னும் இரண்டு டூஃபிகளைக் கிழித்தாள். வேனில் உட்கார்ந்தும் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. திரும்பி வந்து நடைக்குழுவில் அமோவாவின் முகத்தைப் பார்த்தால்தான் மனசு அடங்கும்போல இருந்தது.

மாம்பொங்கில் பந்தலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிவப்பும் கறுப்புமாக இருந்தார்கள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகப் பார்த்தாள். உள்ளே டூஃபியின் மகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவது கேட்டது. "இந்த வயசுலயே போயிட்டியேம்மா. இன்னும் எவ்வளவோ இருந்துச்சே உனக்கு."

ஒவ்வொரு தலையாகத் திரும்பி இவளுடைய வெள்ளைத் துணியைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் சிவப்பு உடுத்திய ஒருவர் முட்டியைப் பிடித்தபடி எழுந்தார். அமோவா.

"நீ வேண்டாம்னுதான் சொன்னே. உன்னைத் தனியா அழ விட மனசு கேக்கல, விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்" என்றபடி கிட்டே வந்தார்.

அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆறுதலாக நீட்டிய கை பாதியில் நின்றது.

"எங்க தெருவுல ஒட்டியிருந்த அறிவிப்புல உன் வயசுதான் போட்டிருந்துச்சு, அறுபத்து நாலுன்னு. அதான் நான் சிவப்பு கட்டிக்கிட்டு வந்தேன்."

அமோவா குரலைத் தணித்தார்.

"டூஃபிக்கு நிஜமா என்ன வயசு, அஃபுவா?"