நான்காவது நண்டு

முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள், காலை ஏழு மணி.

அவன் கரையில் நின்றான். மனைவி வெள்ளச்சி ஓடைக்குள் குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

கல்லைப் புரட்டுவாள். பார்ப்பாள். புரட்டிய கல்லை இருந்த வாக்கிலேயே திரும்ப வைப்பாள்.

அவளுக்குப் பின்னால் மாவட்ட அலுவலகத்துப் பெண் அதிகாரி, கையில் படிவத்துடன்.

ஓடைக்கு மேலே, பாக்சைட் வெட்டி மூடிய மலை. செம்மண்மேல் புல் வந்திருந்தது. தண்ணீர் சோதனையில் இரண்டு வருடமாகக் குறை இல்லை. ஆனால் சுரங்கத்தை மூடும் ஒப்பந்தத்தில் மலைக்காரர்கள் ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தார்கள்.

ஓடைக்கு நண்டு திரும்ப வேண்டும். திரும்பிவிட்டதென்று வெள்ளச்சி சொல்ல வேண்டும். அதன் பிறகே நிலம் அவரவர் கைக்கு வரும்.

ஓடை கெட்டால் முதலில் போவது நண்டு. கடைசியில் வருவதும் அதுதான். அவளைவிட அதை அறிந்தவர் மலையில் இல்லை.

போன வருடம் இல்லை என்றாள். அதற்கு முந்தைய வருடமும்.

ஒரு நண்டுதானே, பார்த்ததாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று அவளுடைய அண்ணனே வந்து கேட்டான். சோறு போட்டு அனுப்பிவைத்தாள்.

அன்று அவள் கணவனுக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அவர்களுடைய இரண்டு ஏக்கர் மேலே கிடக்க, ஆறு வருடமாகப் பிறர் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள்.

நேற்று மாலை அவன் அடிவாரத்து வேறோர் ஓடையில் மூன்று நண்டு பிடித்து வந்து இங்கே விட்டான்.

பார்வையிடுபவரின் வீட்டார் கைவைத்தது தெரிந்தால் நிலம் பெறுவோர் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த வரியும் ஒப்பந்தத்தில் இருந்தது.

முதல் நண்டு கிடைத்ததும் அதிகாரி சிரித்தாள். நாலடி தள்ளி ஒன்று. பிறகு இன்னொன்று.

வெள்ளச்சி சிரிக்கவில்லை. கரைச் சேற்றை விரலால் தடவிக்கொண்டே போனாள். வளை இல்லை. தோண்டித் தள்ளிய மண் இல்லை.

"இதுங்க விருந்தாளிங்க, மேடம். ஊடு கட்டாம ஒக்காந்திருக்குதுங்க. யாரோ கொண்டாந்து விட்டிருக்காங்க."

அவன் தன் கால்விரல்களைப் பார்த்தான்.

அதிகாரி பேனாவை மூடினாள்.

அப்போதுதான் நான்காவது கிடைத்தது. பாறை இடுக்கில்.

வெள்ளச்சி அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து மெல்லப் புரட்டினாள். வயிற்று மடிப்பில் குஞ்சுகள். கடுகு கடுகாக.

இதுவாவது இந்த ஓடையுடையதா என்று அதிகாரி கேட்டாள்.

ஆமாம் என்றால் போதும்.

வெள்ளச்சி இடுக்குக்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"பாறை இடுக்குல வளை பாக்க முடியாது, மேடம். எங்க ஆளுங்க தாய் நண்ட எடுக்க மாட்டாங்க. வெளியாளு வந்து விட்டிருந்தா இதையும் எடுத்தாந்திருப்பான். விட்டது யாருன்னு தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

சரி, அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள் அதிகாரி. படிவத்தை மடித்தாள்.

நேற்று அவன் கையிலும் ஒரு தாய் நண்டு சிக்கியது. களவுக்குப் போன கைதான். ஆனாலும் அதை நீரிலேயே விட்டுவிட்டது.

வெள்ளச்சி நண்டை இடுக்கிலேயே விட்டாள். கையைக் கழுவினாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவன் தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால்வரை குளிர்ந்தது.

"மேடம், நான் விட்டது மூணு. மூணும் ஆண் நண்டு."