ஏழாம் பக்கம்

"புஸ்தகப் பெட்டி வந்துருச்சு! ஐயா வந்துட்டாருங்க!"

வாழவந்தி நாட்டு ஜெபவீட்டில் பாட்டு பாதியில் நின்றது. ஆமென் சொல்வதற்குள் பாதிப் பேர் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

புளியஞ்சோலையிலிருந்து மலையேறி வந்த களைப்போடு, தலைச்சுமையை இறக்கினார் உபதேசியார் ஆசீர்வாதம்.

போன வருசம் வீட்டுக்கு ஒரு தியானப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நன்றாகப் படித்தவருக்கு இரண்டாம் பாகம் பரிசு என்றும் சொல்லியிருந்தார். இப்போது பெட்டிக்குள் மற்றதெல்லாம் பாட்டுப் புத்தகம். இரண்டாம் பாகம் ஒன்றே ஒன்றுதான்.

எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, யார் எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நான் முழுசும் முடிச்சுட்டனுங்க!" என்றார் வெள்ளையன்.

"நான் ரெண்டு தடவைங்க!" பொன்னம்மாள் விடவில்லை.

ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவர் அவர்தான்.

"மூணு தடவைங்க. புஸ்தகத்தை மூடிட்டு மனப்பாடமாவே சொல்லுவேன்."

'பரிசு இவருக்குத்தான்' என்று ஒரே முணுமுணுப்பு.

மூலையில் பாவாயி தன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்.

"நீங்கம்மா?"

"ஏழாம் பக்கம் வரைக்குமுங்க."

ஜெபவீடே சிரித்தது.

"வருசம் பூரா ஏழே பக்கமா? உன்ற பேரனுக்குப் பேரன் வந்துதான் முடிக்கோணும் போல!" என்றாள் பொன்னம்மாள்.

உபதேசியார் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முதல் சில தாள்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. மீதியெல்லாம் புத்தம் புதுசு.

"ஏம்மா இப்படி?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில, 'இன்று இதைச் செய்'னு ஒண்ணு போட்டிருக்குதுங்களே. அதைச் செய்யாம அடுத்த பக்கம் எப்படிங்க திருப்பறது?"

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சாம் பக்கத்துக்கே மழைக்காலம் முடிஞ்சுபோச்சுங்க. ஒரு நாள் பூராக் கோவப்படாம இருக்கோணுமாம். எங்க ஊட்டு ஆடு விட்டாத்தானுங்களே?"

உபதேசியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏழாம் பக்கத்துல அப்படி என்ன கஷ்டம்?"

பாவாயி வாயைத் திறப்பதற்குள் ராசப்பன் முந்திக்கொண்டார்.

"அதை நான் சொல்றனுங்க!"

கண்ணை மூடி, குரலை உயர்த்தி, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "'உன்மேல் மனக்கசப்பு உள்ளவரின் வாசலுக்கு நீயே முதலில் போ. அவர் உன்னோடு பேசும்வரை போய்க்கொண்டே இரு.'"

"அடேயப்பா!" என்றது கூட்டம்.

உபதேசியார் இரண்டாம் பாகத்தை எடுத்து ராசப்பனிடம் நீட்டினார். ராசப்பன் இரண்டு கையையும் ஏந்தினார்.

கொடுக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு பாவாயி பக்கம் திரும்பினார்.

"அந்த வாசலுக்கு நீங்க இன்னும் போகலியாம்மா?"

"போயிட்டுத்தானுங்க இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்சா நேரா அங்கதான். ஒரு பலாமரத்தைப் பாகம் பிரிக்கறதுல பேச்சு நின்னுபோச்சு. நான் போய் நின்னா, கதவைச் சாத்திக்கிறாங்க."

"யாரும்மா அது? பேரைச் சொல்லுங்க, நான் வந்து கேக்கறேன்!"

"வேண்டாமுங்க ஐயா. அவுங்க மனசு நோகும்."

வெள்ளையன் கூரையைப் பார்த்தார். பொன்னம்மாள் முந்தானையைத் திருகினாள். அது யார் வாசல் என்று ஊருக்கே தெரியும்.

ஏந்தின கைகள் மெல்ல இறங்கின.

ராசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனார்.

"பாவாயி... இன்னைக்கு ஊட்டுக்கு வா, கண்ணு. கதவு தொறந்திருக்கும்."

பாவாயி துள்ளி எழுந்தாள். பரிசுப் புத்தகம் இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. தன் பழைய புத்தகத்தைத்தான் உபதேசியார் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"கூடப்பொறந்த அண்ணன் பேசிட்டாருங்க ஐயா! எட்டாம் பக்கம் திருப்பட்டுங்களா?"