மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது

“ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?” என்று டாக்டரம்மா கேட்டதும், பெரியவரின் கண் முதலில் போனது மாப்பிள்ளையின் பக்கம்தான்.

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்க பரம்பரையிலேயே மருந்துப் பழக்கம் இல்லை” என்றார். “இவங்க வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கல போலிருக்கு.”

மாப்பிள்ளை அந்தக் குத்தலை விழுங்கிக்கொண்டான். “இப்ப எதுவும் இல்லைங்க டாக்டர். முன்னாடி...”

“மாப்பிள்ளை, நான்தான் பேசிட்டிருக்கேன்ல?”

அவன் பின்னால் நகர்ந்து நின்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெரியவரின் மகளுக்கு உதடு வெடித்திருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை கொப்புளம். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரும் இறங்கவில்லை, பேச்சும் எழும்பவில்லை.

சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பட்டப்பகலில் தூக்கம் தள்ளும். சாப்பாட்டுத் தட்டின் மேலேயே சாய்ந்துவிடுவாள். கல்யாணப் பேச்சு முடிந்ததே ஒரு விழிப்பு மாத்திரையின் தயவில்தான். சம்பந்தி வீட்டாரிடம் பெரியவர் மூச்சுகூட விடவில்லை.

போன வாரம் பிறந்த வீட்டுக்கு வந்தவள் மாத்திரையைக் கொண்டுவரவில்லை. எந்நேரமும் தூக்கம். கழுத்தில் சிவப்பாக நாலைந்து புள்ளி. கொசுக்கடி என்று தள்ளிவிட்டார். அவரே கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார்.

“வேணாம்பா” என்றாள்.

“மாப்பிள்ளை வந்து நிக்கும்போது தூங்கி விழுந்து மானத்தை வாங்கப் போறியா? போடு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். அதிலிருந்து காலைதோறும் அவர் கையாலேயே கொடுத்தார்.

“சில மாத்திரைங்க ஒத்துக்கலைன்னா தோலையே உரிச்சிடும் ஐயா” என்றாள் டாக்டரம்மா. “இந்த வாய்ப்புண், கொப்புளம், காய்ச்சல் எல்லாம் அப்படித்தான் தெரியுது. எதுன்னு தெரிஞ்சு உடனே நிறுத்தணும். இன்னும் உள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பெரியவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, கீழ போய் ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்களேன்.”

அவன் நகரவில்லை. மகளின் விரல்கள் போர்வையைப் பிறாண்டின.

யார் முன்னாலும் குனியாத பெரியவரின் தலை குனிந்தது. “பகல்ல தூங்கி விழற வியாதி டாக்டர் அவளுக்கு. முழிச்சிருக்க ஒரு மாத்திரை உண்டு. அதை மறைச்சுத்தான் கட்டிக் கொடுத்தேன். இன்னிக்குக் காலையிலகூட நான்தான் கொடுத்தேன்.”

சொல்லிவிட்டு, என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. ரத்தம் சுண்டி வெளுத்திருந்தது.

“முதல் புள்ளி வந்த அன்னைக்கே அதை நிறுத்திட்டுத்தானே மாமா உங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சேன்?”