முதல் ஆறுதல்

மெர்லினின் பயிற்சிக் காலம் முடிய இரண்டே நாள். சக ஊழியர்களோடு பழகுவதற்கு அலுவலகம் போடும் புள்ளி தொண்ணூறைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். எல்லோரையும் போல அவளும் வாழ்த்து, விசாரிப்பு, நன்றியெல்லாம் கைபேசிச் செயலியிடமே விட்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு மேசைக் கணினித் திரையில் அவள் புள்ளி சரசரவென்று ஏறித் தொண்ணூற்றிரண்டில் நின்றது.

“அடி கள்ளி, தாண்டிட்டியே! பிரியாணி எப்போ?” என்றாள் பக்கத்து இருக்கை நூர்ஜஹான்.

மெர்லின் சிரித்தபடியே கைபேசியைத் திறந்தாள். அப்பா இறந்துவிட்டதாக அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். செயலி அதை அலுவலகம் முழுக்க அறிவித்து, வந்து குவிந்த ஆறுதல்களுக்கு அவள் பெயரில் நன்றியும் சொல்லியிருந்தது. முதல் ஆறுதல் நூர்ஜஹானுடையது.

அழுகை வரவில்லை. “எங்கப்பா போயிட்டாருக்கா” என்றாள்.

நூர்ஜஹான் பதறிப்போய்த் தன் கைபேசியை எடுத்தாள். “ஐயோ... இருடி, உனக்கு நான் என்ன சொல்லியிருக்கேன்னு பார்க்கறேன்.”