நோட்டில் ஏறிய வேலை

"கதவு இன்னும் ஒரு நூல் இறங்கியிருக்கு, தச்சரே. மறுபடி பாருங்க."

சமையலறை வாசலில் கைகட்டி நின்றபடி சொன்னாள் அவள். தச்சர் ரசமட்டத்தை அலமாரிக் கதவின் மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"ரசமட்டம் சரின்னு சொல்லுதே, மேடம்."

"என் கண்ணு இல்லேன்னு சொல்லுதே."

அவர் பெருமூச்சு விட்டார். கீலைத் தளர்த்தி, கதவை ஓர் இழை தூக்கி, மீண்டும் முடுக்கினார். மூன்று நாளாக இதே பாடுதான். இழுப்பறை கிறீச்சிடுகிறது என்றாள். கழற்றி மெழுகு தடவினார். மைக்கா ஓரம் விரலை உரசுகிறது என்றாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

"இவ்வளவு நொட்டை சொல்ற வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை."

"அஞ்சு மணிக்கு எங்க அக்கா வர்றாங்க. அவங்க வந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்லுங்க."

தச்சரின் கை ஒரு கணம் நின்றது.

"போன தடவை டம்ளர் எடுக்க இந்தக் கதவைத் திறந்தாங்க. கதவு கழண்டு கையோட வந்துடுச்சு. அதைக் கேடயம் மாதிரி பிடிச்சுக்கிட்டு கூடத்துக்கு வந்து, 'இந்த வீட்டுக்கு ஒரு தச்சர் கிடைக்கலையா'ன்னு கேட்டாங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. இப்பவும் நாலு பேர் கூடினா அந்தக் கதைதான். இன்னிக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டணும் எனக்கு."

தச்சர் குனிந்து உப்புத்தாளை மடித்தார். காது சிவந்திருந்தது.

நாலரை மணிக்கு அவருடைய கைபேசி அடித்தது. கேட்டுவிட்டு, கையால் மூடிக்கொண்டார்.

"பேங்க் மேனேஜர் வீடு. கட்டில் கால் உடைஞ்சிடுச்சாம். அரை மணியில போயிட்டு..."

"இந்த வேலை உங்க ஆர்டர் நோட்டுல ஏறியிருக்கா, இல்லையா?"

"ஏறியிருக்கு."

"என்ன தேதி?"

"இன்னிக்கு."

"நோட்டுல ஏறின வேலை ஒரு நாள்கூடத் தள்ளாதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசறீங்களாமே."

தோளில் மாட்டிய பையைத் தச்சர் இறக்கி வைத்தார். கைபேசியை அவளே வாங்கினாள்.

"தச்சர் வேலையில இருக்கார் சார். நாளைக்கு வருவார்."

அந்த 'நாளைக்கு'வை ஒவ்வோர் எழுத்தாக ருசித்துச் சொன்னாள்.

சரியாக ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே சமையலறைக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. இன்னொரு தரம், உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். வீடு வந்தாலும் வரும், கதவு வராது போலிருந்தது.

இழுப்பறையை ஒரு விரலால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய் மூடியது. அக்காவின் முகம் வாடத் தொடங்கிய நேரத்தில், ஏதோ கண்ணில் பட்டு மறுபடி மலர்ந்தது.

"மேல் கீல்ல ஒரு ஸ்குரூ குறையுதே."

"வேணும்னேதான் விட்டிருக்கேன்." தச்சர் நிமிர்ந்து நின்றார். "எந்த வீட்டுலயும் கடைசி ஸ்குரூவை நான் முடுக்கறதில்லை. அங்கே குடியிருக்கறவங்க கையாலதான் முடுக்கச் சொல்வேன். மேடம், இந்தாங்க."

நீட்டிய திருப்புளியை வாங்கி, அவள் மறுபடி அவர் கையிலேயே வைத்தாள்.

"அப்போ நீங்களே முடுக்குங்க. நீங்களும் இங்கேதானே குடியிருக்கீங்க."

பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"பொண்டாட்டியா ஒன்பது வருஷம் கேட்டேன் அக்கா, 'நாளைக்கு, நாளைக்கு'ன்னார். போன வாரம் இவரோட நோட்டை எடுத்து, வாடிக்கையாளர்ங்கற இடத்துல என் பேரை எழுதி வெச்சேன்."