ஓடீல் பேசினாள்

லூசியானாவில் நடனக் கூடங்களில் வாசிக்கும் க்ளோவிஸ், அக்கார்டியன்களையும் தானே செய்பவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மனைவி ஓடீல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்று புதிதாகச் செய்து முடித்த அக்கார்டியனில் சுருதி பார்க்க, தங்கள் கல்யாணத்தில் ஆடிய பிரெஞ்சுப் பாட்டை வாசித்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த ஓடீல் பாடத் தொடங்கினாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பாடி முடித்ததும் அவள் சிரித்தாள்.

“போதும், ஆல்சி. அவர் வர்ற நேரமாச்சு. நீ கிளம்பு.”

ஆல்சி, எப்போதோ கடலில் இறந்துபோன க்ளோவிஸின் தம்பி.

க்ளோவிஸ் அவள் முகத்தையே பார்த்தார். தான் யாரென்று சொன்னால் வந்த பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்தார். மறுபடியும் அக்கார்டியனின் துருத்தியை இழுத்தார்.

“அண்ணன் வர லேட்டாகும்,” என்றார். “நீ பேசு.”